ஐப்பசி மழைக்கு ஒரு ஜாடி தேன்நெல்லி!

ஐப்பசி பிறந்துவிட்டால் ஆரணி நெசவாளர்களின் கண் அடிக்கடி வானத்தைப் பார்க்கும். தீபாவளிப் பட்டுப்புடவைகளைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வந்து நிற்கும். தெருவில் பாவு விரிக்க முடியாது. குழித்தறிக்குள் ஈரம் ஏறும்.

இதே ஈரம்தான், இந்தப் பருவத்தில் சமையலறையில் தயாராகும் தேன்நெல்லிக்கும் முதல் எதிரி. ஆரணியிலிருந்து போளூர் வழியாகப் போனால் ஜவ்வாது மலை. அங்கே ஜமுனாமரத்தூர் பக்கத்துத் தேனுக்குத் தனிப் பெயர் உண்டு. பெருநெல்லிக்காய் சந்தைக்கு வரத் தொடங்குவதும் ஐப்பசி, கார்த்திகையில்தான். இரண்டையும் ஜாடியில் சேர்த்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் போதும்.

ஊறவைக்கும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. ரஷ்யாவிலும் போலந்திலும் இலையுதிர்காலப் பழங்களை வோட்காவில் ஊறப்போடுவார்கள். பழத்தின் மணத்தையும் நிறத்தையும் மது இழுத்துக்கொள்ளும், பழமும் கெடாது. நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது தேன். சித்த மருத்துவத்தின் 32 வகை அக மருந்துகளில் ‘தேனூறல்’ என்றே ஒரு வகை இருக்கிறது.

எப்படிச் செய்வது?

தேவை: பெருநெல்லிக்காய் அரை கிலோ, தேன் அரை கிலோ, ஏலக்காய் 4, கிராம்பு 3, சின்னத் துண்டு பட்டை.

அடிபடாத காய்களாகப் பொறுக்கி, கழுவி, துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். இட்லிப் பானையில் 8 முதல் 10 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். காயின் மேல் உள்ள கோடுகள் லேசாக விரிந்தால் போதும், குழையக் கூடாது. ஆறியதும் வெள்ளைத் துணியில் பரப்பி, மேலே ஈரமே இல்லாதபடி உலர்த்துங்கள். வெயில் இல்லையென்றால் மின்விசிறிக் காற்று போதும். பிறகு முள்கரண்டியால் ஆங்காங்கே குத்திவிடுங்கள்.

நன்றாகக் காய்ந்த கண்ணாடி ஜாடியில் காய்களைப் போட்டு, இடையிடையே ஏலக்காய், கிராம்பு, பட்டை சேர்த்து, காய்கள் முழுக்க மூழ்கும்வரை தேன் ஊற்றுங்கள். தினமும் ஒருமுறை உலர்ந்த கரண்டியால் கிளறிவிடுங்கள். மூன்று வாரத்தில் துவர்ப்பு தணிந்து, தேன் உள்ளே இறங்கியிருக்கும்.

ஜாடியில் நுரை வருவது ஏன்?

பலர் வீட்டில் தேன்நெல்லி சொதப்புவது முதல் வாரத்தில்தான். கெட்டியாக ஊற்றிய தேன் நாலு நாளில் தண்ணீர்போல இளகிவிடும். காயில் இருக்கும் நீரைத் தேனின் சர்க்கரை வெளியே இழுப்பதுதான் காரணம்.

நல்ல தேனில் ஈரப்பதம் 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அந்த அளவுக்குள் இருக்கும்வரை தேனில் உள்ள ஈஸ்ட் கிருமிகளால் எளிதில் பெருக முடியாது. நீர் கூடினால் அவை விழித்துக்கொண்டு சர்க்கரையை மதுவாக மாற்றும். நுரை, புளித்த கள் வாடை, திறக்கும்போது ‘புஸ்’ சத்தம் இவையெல்லாம் அதற்கான அடையாளங்கள். அப்படி ஆகிவிட்டால் மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிடுவதே நல்லது.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. நாலைந்து நாள் கழித்து இளகிய தேனை மட்டும் வடித்து, அகலமான பாத்திரத்தில் சிறு தீயில் பழைய பதம் வரும்வரை வற்றவையுங்கள். நன்றாக ஆறிய பிறகே காய்களின் மேல் திரும்ப ஊற்றுங்கள். அடைமழை நாட்களில் ஜாடி ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

தேன் நல்லதா?

தண்ணீரில் விட்டால் கரையக் கூடாது, தீக்குச்சியில் தடவினால் எரிய வேண்டும் என்ற வீட்டுச் சோதனைகளை நம்ப முடியாது. சர்க்கரைப் பாகு கலந்த தேனும் இவற்றில் தேறிவிடும். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-ல் 13 பிராண்டு தேன்களைப் பரிசோதித்தபோது எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே மூன்று. எடுப்பவரை நேரில் அறிந்து வாங்க முடிந்தால் நல்லது. பாக்கெட்டில் வாங்கினால் உரிம எண்ணும் ‘அக்மார்க்’ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

யாருக்கு வேண்டாம்?

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள், பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அது நரம்புகளைத் தாக்கி, மூச்சையே நிறுத்திவிடக் கூடும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் எளிதில் சாவதில்லை. பிறந்த குழந்தைக்குத் தேனில் ‘சேனை’ வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், பெரியவர்களிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். முதல் 6 மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தேனும் சர்க்கரைதான். நெல்லியை அவர்கள் தேனில்லாமல் பச்சையாகவே சாப்பிடலாம். மற்றவர்களுக்கு நாளைக்கு ஒரு காய் போதும். காய் தீர்ந்த பிறகு மிஞ்சும் தேனை வீணாக்க வேண்டாம். ஒரு ஸ்பூன் எடுத்து வெதுவெதுப்பான நீரில் கலந்து, எலுமிச்சை பிழிந்து குடிக்கலாம். மழைநாளுக்கு இதமாக இருக்கும்.