சமுதாயக் கல்லூரியில் வர்த்தகப் படிப்பு: எந்த வழி யாருக்கு?

அமெரிக்காவில் வர்த்தகக் கல்வி என்றதும் ஹார்வர்டு, வார்ட்டன் முதலிய பிரசித்தி பெற்ற பள்ளிகளின் பெயர்களே நம் செவிக்கு எட்டுகின்றனவாயினும், அந்நாட்டின் இளநிலை மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பயில்வது, நுழைவுத் தேர்வும் பெருந்தொகையும் கேட்காத சமுதாயக் கல்லூரிகளில்தான். பகலெல்லாம் கடையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் கணக்கியல் கற்க வருபவரும், பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லும் உத்தேசத்தோடு சேர்ந்த பதினெட்டு வயது இளைஞரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் அவ்விடத்தில், வர்த்தகம், நிர்வாகம், சந்தைப்படுத்தல் ஆகிய மூன்றும் ஒரே துறையின் பாடங்களாக அறிவிக்கப்பட்டாலும், அவை கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்கள் வேறு வேறு. அந்த வேற்றுமையை முன்னரே அறியாமல் சேர்கிற மாணவர், காலத்தையும் பணத்தையும் ஒருங்கே இழக்க நேரிடுகிறது.

ஒரே கல்லூரி, இரண்டு நோக்கங்கள்

இவ்வேற்றுமைக்கான காரணம் அக்கல்லூரிகளின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1901-ஆம் ஆண்டு, சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் யோசனையை ஏற்று, இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் நகரின் உயர்நிலைப் பள்ளித் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரவுன் ஆறு மாணவர்களுடன் ஆரம்பித்த ஜோலியட் ஜூனியர் கல்லூரி, பல்கலைக்கழகப் படிப்பின் முதலிரண்டு ஆண்டுகளை மாணவர்கள் தத்தம் ஊரிலேயே முடிக்க வசதி செய்து தருவதையே நோக்கமாகக் கொண்டிருந்தது. தொழிற்கல்வி வேறு திசையிலிருந்து வந்தது. 1936-ஆம் ஆண்டின் ஜார்ஜ்-டீன் சட்டம், விற்பனை, விநியோகம் போன்ற தொழில்களைக் கற்பிப்பதற்கு முதன்முறையாக மத்திய அரசின் பணத்தை ஒதுக்கியது. பின்னர், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு, இவ்விரு நோக்கங்களையும் சேர்த்து நிறைவேற்றும் சமுதாயக் கல்லூரிகள் நாடெங்கும் அமைய வேண்டும் என்று 1947-ல் சிபாரிசு செய்தது.

இன்று கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. பாடங்களை அளக்கும் அலகான யூனிட் ஒன்றுக்கு மாநிலவாசியானவர் செலுத்த வேண்டிய கட்டணம் 46 டாலர். இரண்டாண்டுப் பட்டத்துக்கு வேண்டிய 60 யூனிட்டுகளுக்கும் கணக்கிட்டால் 2,760 டாலரே ஆகிறது. அதே மாநிலத்தின் ஸ்டேட் யூனிவர்சிட்டியில் ஓராண்டுக் கட்டணமே 6,000 டாலருக்கு மேற்பட்டது. ஆனால் மாணவர் விசாவில் வரும் வெளிநாட்டாருக்கு இச்சலுகை இல்லை. அவர்கள் பன்மடங்கு அதிகமாகச் செலுத்த வேண்டும்.

எந்தப் பாடம், எந்தப் பலன்?

முதல் வழி, பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வோருக்கானது. நிதிக் கணக்கியல், நிர்வாகக் கணக்கியல், பொருளியலின் இரு பிரிவுகள், புள்ளியியல் அல்லது நுண்கணிதம், வர்த்தகச் சட்டம் ஆகியவை இதில் இடம்பெறும். 2010-ல் கலிபோர்னியா இயற்றிய சட்டத்தின்படி, இதற்கென வகுக்கப்பட்ட மாற்றுப் பட்டத்தைப் பெறுபவருக்கு ஸ்டேட் யூனிவர்சிட்டியின் ஏதேனும் ஒரு வளாகத்தில் இடம் நிச்சயம். அவர் விரும்பிய வளாகத்திலேயே கிடைக்கும் என்று அச்சட்டம் வாக்களிக்கவில்லை.

இரண்டாவது வழி, விரைவில் உத்தியோகம் தேடுவோருக்கும், சொந்தத் தொழில் நடத்துவோருக்கும் உரியது. பணியாளரை மேற்பார்வையிடுதல், சில்லறை வியாபாரம், விளம்பரம், சிறுதொழில் நடத்துதல், இணையவழிச் சந்தைப்படுத்தல் என்று பாடங்கள் அமைந்திருக்கும்; ஓராண்டுக்குள் முடியும் சான்றிதழ்களும் உண்டு. பொருள், விலை, கிடைக்கும் இடம், விளம்பரம் என்று 1960-ல் ஜெரோம் மெக்கார்த்தி தம் பாடநூலில் வகுத்த நான்கு அங்கங்களே இன்றும் சந்தைப்படுத்தலின் ஆரம்பப் பாடம். ஆசிரியர்களில் பெரும்பாலோர் பகுதிநேரத்தாராதலால், பகலில் ஒரு நிறுவனத்தில் தாம் செய்த காரியத்தையே மாலையில் கற்பிப்பவரும் அவர்களில் உண்டு. ஆனால் வகுப்பு முடிந்தபின் சந்தேகம் கேட்க அவர்களைக் காண்பது அரிது.

மேலாளராக வேண்டும் என்ற ஆசையுடன், நான்காண்டுப் பட்டத்தையும் மனத்தில் கொண்டு வருகிற மாணவர், 'நிர்வாகம்' என்றும் 'சந்தைப்படுத்தல்' என்றும் பெயர் கொண்ட பாடங்களையே முதலில் எடுப்பது இயல்பு. ஆனால் பல்கலைக்கழகங்கள் அவ்விரண்டையும் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் ஆண்டுகளுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதால், சமுதாயக் கல்லூரியில் அதே பெயரில் படித்த பாடம் விருப்பப் பாடமாக மட்டும் கணக்கில் சேரும். சில இடங்களில் அதுவும் சேராது. கல்லூரி மாறிய மாணவர்கள் தாம் சம்பாதித்த யூனிட்டுகளில் சராசரியாக 43 சதவீதத்தை இழந்ததாக அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-ல் மதிப்பிட்டது. சமுதாயக் கல்லூரியில் சேர்பவரில் ஐந்தில் நால்வர் நான்காண்டுப் பட்டத்தை விரும்பியே வந்தும், மாறிச் செல்வோர் மூன்றில் ஒரு பங்கினராகவே இருப்பதற்குக் குடும்பப் பொறுப்பும் வேலைப் பளுவும் போலவே இதுவும் ஒரு காரணம்.

சேருமுன் செய்ய வேண்டியவை

இரண்டாவது வழி தாழ்ந்தது என்று இதனால் கொள்ள வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவருக்கு மாற்றுப் பட்டத்தால் விசேஷப் பிரயோஜனம் இல்லை. அவருக்குத் தேவையான சில பாடங்களே போதும். கணவரின் வேலை நிமித்தமாக ஹெச்-4 விசாவில் கலிபோர்னியாவுக்குச் சென்று, வேலை செய்ய அனுமதி இல்லாமல் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்குப் படிப்பதற்குத் தடை இல்லையாதலால், சி.பி.ஏ. என்னும் கணக்காளர் தகுதிக்கு வேண்டிய கணக்கியல் யூனிட்டுகளை அவர்கள் இக்கல்லூரிகளில் குறைந்த செலவில் சேர்த்துக்கொள்ளலாம். பாடநூற் செலவையும் பெரிதும் தவிர்க்கலாம். கணக்கியல், நிர்வாகம், சந்தைப்படுத்தல் மூன்றுக்கும் ரைஸ் பல்கலைக்கழகத்தின் 'ஓப்பன்ஸ்டாக்ஸ்' திட்டம் நூல்களை இணையத்தில் இலவசமாக அளிக்கிறது.

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் எதற்கு ஈடாக ஏற்கும் என்பதைக் கலிபோர்னியாவின் 'அசிஸ்ட்' இணையதளத்தில் அட்டவணையாகவே காணலாம். அதைப் பார்த்துக்கொண்டு, கல்லூரியின் கவுன்சலரை முதல் பருவத்திலேயே சந்தித்து, தாம் சேர விரும்பும் வளாகத்தின் பெயரைச் சொல்லி, ஒவ்வொரு பாடமும் அங்கே செல்லுமா என்று கேட்டறிவது நலம். இன்னும் முடிவு செய்யாதவர்கள் நிதிக் கணக்கியலிலும் பொருளியலிலும் தொடங்கலாம். பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், கடை வைத்தாலும், அவ்விரண்டும் வீண்போவதில்லை.