'சாப்பிட்டாச்சா?'விலிருந்து ஓ.டி.பி. வரை!

ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறீர்கள். ராத்திரி பதினொன்றரைக்கு பஸ் உங்களை உதறிவிட்டுப் போகிறது. கண்ணில் பட்ட முதல் லாட்ஜில் ஏறினால், தூங்கி வழியும் ரிசப்ஷன்காரர் கேட்பார்: "ஆன்லைன் புக்கிங்கா சார்? ஆதார் இருக்கா? போன்ல ஓ.டி.பி. வரும், சொல்லுங்க."

இருநூறு வருஷத்துக்கு முன் இதே நேரத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சத்திரத்து வாசலில் நின்றிருந்தால் கேள்வியே வேறு. "சாப்பிட்டாச்சா?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான், விருந்தோம்பல் என்கிற தர்மம் 'ஹாஸ்பிடாலிட்டி இண்டஸ்ட்ரி' என்கிற பிசினஸாக மாறிய கதை இருக்கிறது.

சத்திரத்தைப் பற்றி சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களை என் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் சாரம். வருகிற எல்லாச் சாதியாருக்கும் சாப்பாடு, நோயாளிக்கு வைத்தியமும் பத்தியமும், கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு, அநாதைக் குழந்தைகளுக்குப் பால் என்று அதில் பட்டியலே போட்டிருக்கிறார். இன்றைக்கு ஃபைவ் ஸ்டாரில்கூட இத்தனை 'காம்ப்ளிமெண்ட்டரி' கிடையாது!

அதற்காக, அந்தக் காலம் பொற்காலம் என்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். இன்ன ஜாதிக்கு மட்டும் என்று நடந்த சத்திரங்களும் நிறைய உண்டு. கதவு திறந்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் அல்ல.

ரயில் வந்தது. கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டியது. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் எழும்பியது இந்த ரயில் பயணிகளுக்காகத்தான். ஆனால் தர்மத்தை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குப் பாய் விரிக்க முடியும்? பணக்காரர்களுக்காக, மின்விளக்கும் லிஃப்ட்டுமாக பம்பாயில் 1903-ல் தாஜ்மஹால் ஹோட்டல் வந்தது. நமக்காக லாட்ஜ்கள் வந்தன. எழும்பூர் கென்னட் சந்து, மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி என்று ஸ்டேஷனை ஒட்டியே வரிசை கட்டின. பக்கெட், மக்கு, ஒரு குட்டி சோப்பு, '24 மணி நேர செக்-அவுட்'. லாட்ஜ்காரர் உங்கள் ஜாதகத்தைக் கேட்கவில்லை. அட்வான்ஸைத்தான் கேட்டார். ஒரு விதத்தில் அது முன்னேற்றம்தான்!

இட்லியும் ரூமும்

பி.காம். படித்த பாவத்துக்கு இங்கே கொஞ்சம் கணக்கு. ராத்திரி விற்காத இட்லியை ஹோட்டல்காரர் என்ன செய்வார்? காலையில் இட்லி உப்புமா! ஆனால் ராத்திரி விற்காத ரூமை உப்புமாவாகக்கூடக் கிண்ட முடியாது. அந்த ராத்திரி போனால் போனதுதான். ஆள் தங்கினாலும் தங்காவிட்டாலும் வாட்ச்மேன் சம்பளம், பேங்க் வட்டி எல்லாம் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஆப்கள் பிடித்தது இந்தப் பலவீனத்தைத்தான். 2008-ல் அமெரிக்காவில் ஏர்பிஎன்பி, 2013-ல் இங்கே ஓயோ என்று வரிசையாக வந்தார்கள். சொந்தமாக ஒரு செங்கல்கூட வைக்காமல் அடுத்தவர் கட்டிலை விற்கலாம் என்று காட்டினார்கள். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை ரூம் மலிவு. பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் அதே மாதிரி ரூமின் வாடகை விமான டிக்கெட் மாதிரி பறக்கும்!

உங்களுக்கு வசதிதான். ஆனால் நீங்கள் கொடுக்கும் நூறில் பதினைந்து, இருபது ரூபாய் கமிஷனாகப் போவது சாதாரணம். அடுத்த முறை ஆப்பில் விலையைப் பார்த்துவிட்டு, லாட்ஜுக்கே ஒரு போன் போட்டுப் பேசிப் பாருங்கள். பல இடங்களில் குறையும்.

இன்னொரு விஷயம், ஜி.எஸ்.டி. ஒரு நாள் வாடகை ஆயிரம் ரூபாய் வரை இருந்தால் 2022 ஜூலை பாதி வரைக்கும் வரியே இல்லை. பிறகு 12 சதவிகிதம் ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள ரூம்களுக்கு 5 சதவிகிதம். டூர் பில்லை அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பிடித்துக் கேட்பதற்குள் நீங்களே பார்த்துக்கொள்வது உத்தமம்.

ரூம் இல்லை சார்!

தொழில் இத்தனை வளர்ந்த பிறகும் கதவு எல்லோருக்கும் திறக்கிறதா? தனியாக வருபவரைப் பார்த்தால் 'ஏதாவது பண்ணிக்குவாரோ' என்ற பயத்தில் ரூம் இல்லை என்கிற லாட்ஜ்கள் இன்றும் இருக்கின்றன. ஜோடியாகப் போனால் கல்யாணப் பத்திரிகை கேட்காத குறை! கல்யாணமாகாத இருவர் ஒரே ரூமில் தங்குவது குற்றமல்ல என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கோயமுத்தூரில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதி பற்றிய வழக்கு அது. தீர்ப்பு வந்துவிட்டது. ரிசப்ஷன் வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை!

டைனோசர் வரவேற்கிறது

சரி, இனிமேல் எப்படி? சாவிக்குப் பதில் போன், ரிசப்ஷனுக்குப் பதில் மெஷின் என்கிறார்கள். ஜப்பானில் 2015-லேயே இதைச் செய்து பார்த்தார்கள். நாகசாகி பக்கம் 'ஹென்-னா' என்றொரு ஹோட்டல். கவுண்ட்டரில் டைனோசர் ரோபோ, பெட்டி தூக்க ரோபோ, ரூமுக்குள் பேசும் பொம்மை. விருந்தாளி குறட்டை விட்டால் பொம்மைக்கு அது ஏதோ கட்டளை மாதிரி கேட்கும். 'புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று ராத்திரி முழுக்க எழுப்பிவிடுமாம்! 2019 வாக்கில் 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரோபோவால் வேலை குறையும் என்று பார்த்தால், அதற்கு வேலை செய்வதே மனிதர்களுக்கு வேலையாகிவிட்டது.

பில் போட, கதவு திறக்க மெஷின் போதும். நடு ராத்திரி நெஞ்சு வலி என்றால் ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடிவர மெஷின் போதாது. இந்தத் தொழிலில் கடைசி வரை விலை போகப்போவது அந்த மனிதன்தான்.

அந்த மனிதனை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? இன்றைக்குச் சென்னை ஹோட்டல்களில் படுக்கை விரிப்பவர்களில் ஏராளமானோர் ஒடிசா, பீகார், அஸ்ஸாமிலிருந்து வந்த இளைஞர்கள். உங்களைவிட அதிக தூரம் பயணம் செய்து வந்தவர்கள். தினம் இருபது கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு போடுகிற பையனுக்கு, ராத்திரி தலை சாய்க்க ஒரு சரியான கட்டில் இருக்கிறதா? ஸ்டார் ரேட்டிங் கொடுக்கும்போது யாரும் பார்க்காத அறை அது. நல்ல சம்பளமும் தங்க இடமும் தருகிற முதலாளியிடம்தான் ஆள் நிற்கும். ஆள் நிற்கிற இடத்துக்குத்தான் வாடிக்கையாளரும் திரும்பி வருவார். தர்மம் இல்லை சார், சுத்தமான வியாபாரக் கணக்கு!

முதலாளி எப்போது கணக்குப் போடுவாரோ தெரியாது. நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை தண்ணீர் பாட்டிலோடு கதவைத் தட்டும் பையனிடம் டிப்ஸோடு சேர்த்து அந்தப் பழைய சத்திரத்துக் கேள்வியையும் கேளுங்கள்.

"சாப்பிட்டாச்சா தம்பி?"

முழித்தால் கவலை வேண்டாம். "கானா காயா?" என்று கேளுங்கள். முகம் மலரும்!