அக்கா சொன்ன பொய், தங்கை சொன்ன பொய்

2023-ஆம் வருஷம் ‘மிஸஸ் சாட்டர்ஜி வெர்சஸ் நார்வே’ என்ற ஹிந்திப் படம் வந்த சமயம். எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் கூடினால் அதே பேச்சுதான். நார்வேயில் ஸ்டவாங்கர் என்ற ஊரில் குடியிருந்த ஒரு வங்காளித் தம்பதியின் இரண்டு குழந்தைகளை, 2011 மே மாதம் அந்த நாட்டுக் குழந்தை நல இலாகா எடுத்துக்கொண்டு போய்விட்டது. நம் அரசாங்கம் தலையிட்டு, 2012 ஏப்ரலில் குழந்தைகள் இந்தியாவுக்கு வந்து தகப்பனாரின் சகோதரர் வீட்டில் இருந்தார்கள். 2013 ஜனவரியில்தான் கல்கத்தா ஹைகோர்ட் மூலம் தாயிடம் சேர்ந்தார்கள். அதை வைத்து எடுத்த படம் அது.

“கையால சோறு ஊட்டினதுக்கெல்லாமா பிள்ளையைத் தூக்கிட்டுப் போவாங்க? என்ன அக்கிரமம்!” என்று எல்லோரும் பேசினார்கள். நான் மட்டும் வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையும் இரண்டரை மாதம் பிறர் வீட்டில் இருந்தவன். அதற்குப் பாதிக் காரணம் நான். தங்கையிடம் கேட்டுக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன். மகளுக்கோ தங்கைக்கோ பிரசவம் பார்க்க வெளிநாடு போகும் சகோதரிகள் அவசியம் படிக்க வேண்டும்.

அந்த ஒரு நிமிஷம்

2019 பிப்ரவரியில் அமெரிக்கா போனேன். எங்களுக்கு அம்மா இல்லை. தங்கைக்கு இரண்டாவது பிரசவம். நடுவில் கொஞ்சம் உதிரப்போக்கு கண்டதால் டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். மூத்த பையனுக்கு இரண்டு வயசு நிறையவில்லை. ‘பெரிம்மா, பெரிம்மா’ என்று என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே சுற்றுவான்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம். தங்கை உள்ளே படுத்திருந்தாள். மாப்பிள்ளை ஆபீஸில். நான் கரண்ட் கெட்டிலில் வெந்நீர் போட்டுவிட்டு, கடுகு டப்பாவை எடுக்கத் திரும்பினேன். மேடையிலிருந்து தொங்கிய ஒயரை அவன் பிடித்து இழுத்துவிட்டான். வெந்நீர் மார்பிலும் வலது கையிலும் கொட்டிவிட்டது.

அவன் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் என்ன செய்தேன்? நம் வீடுகளில் செய்வதைத்தான் செய்தேன். பிரிட்ஜிலிருந்து இட்லி மாவை எடுத்து அப்பினேன். ராத்திரி வந்த மாப்பிள்ளை, “ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் அண்ணி” என்றார். “மாவு தடவியிருக்கு, காலையில ஆறிடும். எமர்ஜென்ஸிக்குப் போனா பில் தீட்டிடுவான்” என்று பெரிய மனுஷி மாதிரி தடுத்தவள் நான்தான்.

காலையில் கை முழுக்கக் கொப்புளம், உடம்பு அனலாய்க் கொதித்தது. ஓடினோம்.

மூன்று பேர், மூன்று கதை

மாவைக் கழுவி மருந்து போட்ட பிறகு, எங்கள் மூன்று பேரையும் ஒரு அம்மாள் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

தங்கை, ‘நான்தான் சமையலறையில் இருந்தேன், அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்’ என்று சொல்லியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் விசிட்டர் விசாவில் வந்த எனக்கு ஏதாவது ஆபத்து வந்துவிடுமோ என்று பயம்.

நான் என் அரைகுறை இங்கிலீஷில், “இன்று காலைதான் கொட்டியது, உடனே வந்துவிட்டோம்” என்றேன். ஒரு ராத்திரி சும்மா வைத்திருந்தது தெரிந்தால் வயிற்றுப்பிள்ளைக்காரியான தங்கைக்குக் கெட்ட பெயர் வருமே என்று பயம்.

மாப்பிள்ளை மட்டும் நேற்று சாயங்காலம் நடந்தது என்று உள்ளதைச் சொன்னார்.

ஒருவர் பழியை ஒருவர் ஏற்றுக்கொள்வதை நம் குடும்பங்களில் பாசம் என்போம். டாக்டருக்கு அது வேறு விதமாகத் தெரியும். குழந்தைக் காயத்தில் அவர்கள் முதலில் பார்ப்பதே இரண்டு விஷயம்தான்: உடனே கொண்டுவந்தார்களா, சொல்லும் காரணம் ஆளுக்கு ஆள் மாறுகிறதா. எங்கள் விஷயத்தில் இரண்டுமே இருந்தன. போதாததற்கு, பையன் முதுகின் கீழே பிறவியிலேயே இருந்த நீல மச்சத்தைப் பார்த்து, அடிபட்ட கன்றலோ என்று போட்டோ எடுத்தார்கள். நம்மைப் போன்ற மாநிறக் குழந்தைகளுக்கு இந்த நீலத் திட்டு சர்வ சாதாரணம். பள்ளிக்கூடம் போகும் வயசுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். உடம்பு முழுக்க எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவில் 1974-ல் வந்த குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் வழியாக எல்லா மாநிலத்திலும் விதி இருக்கிறது. டாக்டர், நர்ஸ், டீச்சர் போன்றவர்களுக்கு நியாயமான சந்தேகம் வந்தாலே இலாகாவுக்குச் சொல்லியாக வேண்டும். நிரூபணம் தேவையில்லை. சொல்லாமல் விட்டால்தான் அவர்கள் மேல் குற்றம்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு இலாகாவிலிருந்து ‘கேஸ் ஒர்க்கர்’ ஒரு பெண் காகிதத்தோடு வந்தாள். பையன் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களோடு வீட்டுக்கு வரவில்லை.

ஒரு காகிதத்தில் பதினான்கு வார்த்தை

எடுத்த பிள்ளையை ‘ஃபாஸ்டர் கேர்’ என்ற ஏற்பாட்டில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விடுகிறார்கள். அநாதை விடுதி அல்ல. இலாகா வீட்டைப் பார்த்து, பயிற்சி கொடுத்து, லைசென்ஸ் கொடுத்த குடும்பம். தத்தும் அல்ல, தாற்காலிகம். 2022 செப்டம்பர் கணக்குப்படி அந்த நாட்டில் ஏறக்குறைய 3 லட்சத்து 70 ஆயிரம் குழந்தைகள் அப்படி இருந்தார்கள். ருசுவான கேஸ்களில் நான்கில் மூன்று பங்கு ‘கவனிப்புக் குறைவு’ என்ற வகை. அடி உதை அதைவிடக் குறைவு.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று ராத்திரி தங்கை சொன்னது ஒன்றுதான்: “அக்கா, அவனுக்கு இங்கிலீஷே தெரியாதே! பால் வேணும்னா ‘இங்கா’ன்னுதானே கேப்பான்?”

விடியும்வரை உட்கார்ந்து, பையன் பேசும் பதினான்கு வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினாள். இங்கா என்றால் பால், மம்மு என்றால் சோறு, தாச்சி என்றால் தூக்கம், ‘உவ்வா’ என்றால் வலிக்கிறது. கேஸ் ஒர்க்கர் மறு பேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். அந்த வளர்ப்புத் தாய் முன்பின் தெரியாத அமெரிக்கக்காரி. அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, ‘தாச்சி, தாச்சி’ என்று சொல்லித்தான் தூங்கவைத்தாளாம். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

உண்மையைச் சொன்ன நாள்

மூன்றாம் நாள் கோர்ட்டில் முதல் விசாரணை. வக்கீல் அம்மாள் எங்களை உட்காரவைத்து, “மூன்று கதையும் நிஜமாக இருக்க முடியாது. இனி ஒரு வார்த்தை மாறினாலும் என்னால் உதவ முடியாது” என்று கறாராகச் சொன்னாள்.

நான், “எனக்கு இங்கிலீஷில் சரியாகச் சொல்ல வராது” என்றேன். “தமிழில் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்” என்றாள். 1964-ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டப்படி, மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த ஆபீஸும் மொழி தெரியாதவர்களுக்கு மொழி உதவி செய்ய வேண்டுமாம். எனக்கு அதுவரை தெரியாது. கேட்டவுடன் டெலிபோனில் ஒரு தமிழ்ப் பெண்ணை வரவழைத்தார்கள்.

அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சமையலறையில் நான் தனியாக இருந்தேன். மாவு தடவியது நான். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றதும் நான். “முதலில் ஏன் மாற்றிச் சொன்னீர்கள்?” என்று கேட்டாள் கேஸ் ஒர்க்கர். “என் தங்கை வயிற்றுப்பிள்ளைக்காரி அம்மா” என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

ஜெயிலில் போடுவார்கள் என்றே நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தீக்காய டாக்டர், காயத்தின் அமைப்பு மேலிருந்து வெந்நீர் கொட்டியதோடு ஒத்துப்போகிறது என்று எழுதினார். நீல மச்சம் பிறந்த நாளிலிருந்தே இருந்தது என்று வழக்கமான குழந்தை டாக்டரின் பதிவேடு சாட்சி சொன்னது. ஆனாலும் தாமதமும் பொய்யும் எங்கள் கணக்கில் நின்றன.

“உறவில் யாராவது பையனை வைத்துக்கொள்வார்களா?” என்று கேட்டார்கள். அங்கே மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் உறவுக்காரர் வீட்டில்தான் இருக்கிறார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் நாற்பது நிமிஷத் தொலைவில் இருந்தார். “அவங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடுமே!” என்று மாப்பிள்ளை தயங்கினார். “மானம் பெருசா, பிள்ளை பெருசா?” என்று தங்கை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். வீட்டைப் பார்த்து, விரல் ரேகை எடுத்து விசாரித்த பிறகு, ஒன்பதாம் நாள் பையன் அங்கே போனான்.

அதன்பின் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் இலாகா அறையில் தாய் தகப்பன் பார்க்கலாம். மூலையில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெழுதுவார். தங்கை நிறைமாத வயிற்றோடு ஒருநாள்கூடத் தவறவில்லை. குழந்தை வளர்ப்பு வகுப்புக்கு இருவரும் போனார்கள். ‘பிறக்கப் போறதையும் எடுத்துடுவாங்களோ’ என்ற பயம் மட்டும் அவளைத் தின்றது.

1997-ல் வந்த ஒரு சட்டப்படி, கடைசி 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை வெளியே இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையையே ரத்து செய்யக் கேட்டு இலாகா மனுப் போட வேண்டும். அதனால்தான் வக்கீல், “கோபித்துக்கொண்டு ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இப்படி வெளியே போய் விடுபடும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பெற்றோரிடமே திரும்புகிறார்கள்.

எங்கள் பையனும் மே மாதக் கடைசியில் திரும்பினான். ஒரு நிபந்தனை: பெரியம்மா வசம் தனியாக விடக்கூடாது. ஊருக்குக் கிளம்பும்வரை நான் சமையலறையில் இருந்தால் அவன் ஹாலில். அவன் ‘பெரிம்மா’ என்று ஓடிவந்தால் தங்கையும் கூடவே எழுந்து வருவாள். அது எனக்குத் தண்டனையாகத்தான் இருந்தது. ஆனால் நியாயம் என்று பட்டது. ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. யாரும் எடுக்க வரவில்லை.

இலாகா தப்பே செய்யாது என்று சொல்ல வரவில்லை. பூர்வகுடிக் குழந்தைகளைக் கணக்கில்லாமல் எடுத்துப் பிறரிடம் கொடுத்ததால் 1978-ல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததற்கு முழுப் பழியையும் அவர்கள் மேல் போட மனசு வரவில்லை.

வெளிநாடு போகும் சகோதரிகளுக்கு

* தீப்புண், வெந்நீர்ப்புண் பட்டால் உடனே 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் கூடாது. இட்லி மாவு, இங்க், பேஸ்ட், மஞ்சள் எதுவும் கூடாது. துணி, வளையல், அரைஞாண் ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால் கழற்றிவிடுங்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி, அன்றே டாக்டரிடம் போங்கள். இது நம் ஊருக்கும் பொருந்தும்.
* கெட்டில், குக்கர் ஒயர்களை மேடையிலிருந்து தொங்கவிடாதீர்கள்.
* குழந்தைக்கு நீல மச்சம் இருந்தால் டாக்டரிடம் காட்டிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.
* விசாரிக்க வந்தால் சண்டை வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளரும் வக்கீலும் கேளுங்கள். வசதியில்லாத பெற்றோருக்கு அநேக மாநிலங்களில் அரசாங்கமே வக்கீல் தரும்.
* பிள்ளையைப் பார்க்கக் கொடுத்த நேரத்தை ஒருபோதும் தவறவிடாதீர்கள். உறவுக்காரரிடம் வெட்கப்படாமல் உதவி கேளுங்கள்.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வலது கையில் ஒரு தழும்பு மட்டும் மிச்சம். அவனுக்கு அந்த நாட்கள் எதுவும் நினைவில் இல்லை. போன வாரம் போனில், “பெரியம்மா, நீங்க எப்ப இங்க வருவீங்க?” என்று கேட்டான். பின்னாலிருந்து தங்கை குரல் கேட்டது: “வரச் சொல்லுடா. இப்ப நம்ம வீட்டுல கெட்டிலே இல்லைன்னு சொல்லு!”