சிற்றட்டைக் கணிப்பொறியும் ஊர்க் கூட்டு முயற்சியும்

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி வட்டாரங்களில் சங்க ஆய்வுக்குச் செல்லுமிடத்து, அங்கத்தினர்களின் பிள்ளைகள் சிலர், "கையகல மின்னணு அட்டையைக் கொண்டு கண்மாய் நீர்மட்டத்தையும் நிலத்தின் ஈரத்தையும் அறியலாமாமே; அதற்குச் சங்கம் துணை செய்யுமா?" என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே. விடை கூறுமுன், அப்பொருள் யாது, நமக்கு எவ்வளவு பயன்படும் என்பவற்றை அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

பொருள் யாது?

செயலி, நினைவகம், வெளிக்கருவிகளை இணைக்கும் முனைகள் ஆகிய யாவும் ஒரே அட்டையில் அமைந்த கணிப்பொறியே இது. இவற்றுள் புகழ் பெற்றது 'ராஸ்ப்பெரி பை'. பள்ளிப் பிள்ளைகள் அச்சமின்றிக் கையாண்டு கற்கவேண்டும் என்னும் நோக்குடன், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஓர் அறக்கட்டளை இதை 2012 பிப்ரவரி 29இல் 35 டாலர் விலையில் வெளியிட்டது. இதனினும் எளியது, 2005இல் இத்தாலியில் தோன்றிய 'ஆர்டுயினோ'. இது முழுக் கணிப்பொறி அன்று. இட்ட கட்டளைத் தொடரை மட்டும் ஓயாது செய்யும். இதன் மின்சுற்று வரைபடத்தை எவரும் எடுத்தாளலாம்.

நெசவாளருக்கு இது முற்றிலும் புதிதன்று. ஜக்கார்டு அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு நூல் உயர்கிறது. துளையில்லாத இடத்தில் தாழ்ந்து நிற்கிறது. உண்டு, இல்லை என்னும் அந்த இரண்டே சொற்களால்தான் கணிப்பொறியும் எண்ணுகிறது.

எவ்வாறு பரவியது?

விளம்பரத்தைக் காட்டிலும், ஆர்வலர் கூடிக் கற்றதே இதைப் பரப்பியது. 2012 முதல் இங்கிலாந்தின் ஊர்களில் 'ராஸ்ப்பெரி ஜாம்' என்னும் கூட்டங்கள் நடந்தன. தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டினர். தாம் செய்ததை எழுதி யாவருக்கும் இலவசமாக வழங்கினர்.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில் 1983இல் டாக்டர் கல்பாக் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமம், 2002இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. துணையுடன் 'ஃபேப் லேப்' என்னும் செய்முறைக் கூடத்தை ஏற்படுத்தியது. 2016இல் மத்திய அரசு தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ், 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்காக நாடெங்கும் பதினாயிரம் பள்ளிகளில் அடல் ஆய்வுக்கூடங்கள் அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. இத்தகைய அட்டைகள் அங்கே மாணவர் கைக்குக் கிடைக்கின்றன.

கரிசல் காட்டில் கவனிக்க வேண்டியவை

நிலத்தின் ஈரம் அறியும் கருவிகள் இருவகை. உலோக முனை வெளியே தெரியும் மலிவு வகை, மண்ணில் சில மாதங்களிலேயே அரித்துப் போகும். முனை மூடப்பட்ட மின்தேக்கு வகையே நீடிக்கும். ஆயினும் கரிசல் மண் காயுங்கால் வெடிப்பு விடும். வெடிப்பில் கருவி அகப்பட்டால் மண்ணை விட்டுக் காற்றை அளந்து, உள்ளதினும் மிக வறண்டதாகக் காட்டும். ஆகவே ஓரிடத்து அளவை நம்பலாகாது. மண்வெட்டியால் தோண்டிப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

கண்மாய் நீர்மட்டத்தை, ஒலியை அனுப்பி அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு அளக்கின்றனர். காற்றின் வெப்பம் 20 பாகையாயின் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். 40 பாகையாயின் 355 மீட்டர். இதைக் கணக்கிடாவிடில், 3 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் பிழை நேரும். கோடையில் வற்றும் கண்மாய்க்கு இது சிறிய பிழை அன்று.

மின்தடை நேரும்போது நினைவட்டை பழுதாகலாம். எனவே சிறு மின்கலம் இணைத்தல் வேண்டும். அட்டை 5 வோல்ட்டில் இயங்குவது, ஆபத்தற்றது. ஆனால் மோட்டாருக்கு வரும் மும்முனை மின்சாரம் உயிரைக் குடிப்பது; உரிமம் பெற்ற மின்பணியாளரன்றி எவரும் அதில் கைவைக்கலாகாது.

சங்கம் செய்யத்தக்கது

மோட்டாரைக் கைப்பேசியால் இயக்கும் பெட்டிகளைப் பலர் முன்னரே வாங்கியுள்ளனர். அவை பழுதானால் நகரத்தைத்தான் நாடவேண்டும். உள்ளிருப்பது யாதென உரியவரே அறியார். நம் பிள்ளைகள் இக்கலையைக் கற்றால் பழுது பார்க்கும் பணம் ஊரிலேயே தங்கும். அவர்களுள் சிலரேனும் பிழைப்புக்கு வெளியூர் போகாமல் இருப்பர்.

ஆதலால் ஆளுக்கொரு கருவி வாங்கக் கடன் கேட்பதை நான் ஆதரிக்கவில்லை. லாபத்தில் இயங்கும் சங்கங்கள், சட்டமும் துணைவிதிகளும் இடங்கொடுக்குமளவில், பொதுப்பேரவையின் ஒப்புதல் பெற்று, பொதுநல நிதியிலிருந்து இரண்டு மூன்று அட்டைகளை வாங்கலாம். அருகிலுள்ள பள்ளியின் அறிவியல் ஆசிரியரை வழிகாட்டியாக அழைத்து, மாதம் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் பிள்ளைகளைக் கூட்டலாம். கருவிகளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுதல் அவசியம். முதல் மழைப்பருவம் முழுதும் கருவி காட்டும் அளவையும், கையால் அளந்த அளவையும் பக்கம் பக்கமாக எழுதி வருக. இரண்டும் ஒத்துவந்தால் மேற்செல்லலாம். ஒவ்வாவிடில் செலவு அற்பத்தோடு நிற்கும்.

தனித்து வாங்கினால் விளையாட்டுப் பொருள். கூடிக் கற்றால் ஊர்ச் சொத்து. அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆராய்ந்து முடிவு செய்வார்களாக.