ஒரே போர்ட்டில் மூன்று வாசல்

ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடும் கணினிகள், சிசிடிவி கேமராக்கள், வருகிறவர்களுக்கு இலவச வைஃபை எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தால் என்ன ஆகும்? சேலை பார்க்க வந்தவரின் செல்போன், கல்லாவில் இருக்கும் கணினியை நேராகவே தட்டிப் பார்க்கலாம். மூன்றையும் பிரித்தாக வேண்டும். ஆனால் ரவுட்டரில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு போர்ட்.

அது போதும். அந்தப் போர்ட்டுக்குள்ளேயே மூன்று கிளைகளை உண்டாக்கலாம். கையால் தொட முடியாது. ரவுட்டரின் மென்பொருளுக்கு மட்டும் அவை நிஜம். சப்-இன்டர்ஃபேஸ் என்பார்கள்.

சூட்சுமம் நான்கே பைட்டில் இருக்கிறது. ஈதர்நெட் கேபிளில் தகவல், ஃபிரேம் என்னும் பொட்டலங்களாகப் போகிறது. கடையின் கருவிகளை எல்லாம் இணைக்கும் ஸ்விட்ச், ரவுட்டருக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பொட்டலத்திலும், இது எந்த விலானை, அதாவது ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த எந்தத் தனி நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று ஒரு சீட்டைச் செருகிவிடும். 1998இல் வெளியான 802.1கியூ தரநிலை இந்தச் சீட்டுக்கு வடிவம் கொடுத்தது. அதன் 32 பிட்டில் பாதி, 'இது சீட்டு' என்று காட்டுவதற்கே செலவாகிறது. விலான் எண்ணுக்குக் கிடைப்பது 12 பிட், 4096 எண்கள். 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை. மிச்சம் 4094. நம் கடைக்கு மூன்றே போதும்.

சிஸ்கோ ரவுட்டரில் 'இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட் 0/0.10' என்று அடித்தால் கிளை பிறந்துவிடும். அடுத்த வரி 'என்கேப்சுலேஷன் டாட்1கியூ 10': பத்தாம் எண் சீட்டோடு வருவதெல்லாம் இந்தக் கிளைக்கு. பிறகு 192.168.10.1 என்ற முகவரி. பில் கணினிகளுக்கு இதுதான் கேட்வே, வெளியே போகும் வாசல். கேமராவுக்கு 20, வைஃபைக்கு 30. புள்ளிக்குப் பின்வரும் எண்ணும் விலான் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. மாற்றி வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களை நீங்களே திட்டிக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக அடித்துவிட்டு அரை நாள் முழித்தவன் நான். மெயின் போர்ட்டுக்கு 'நோ ஷட்டவுன்' கொடுக்கவில்லை. அது எழாமல் கிளைகள் எழாது. எதிர்முனையில் ஸ்விட்ச்சின் போர்ட்டை, எல்லா விலானையும் சீட்டோடு சுமக்கும் ட்ரங்க் ஆக்க மறந்தாலும் இதே முழிப்புதான்.

இந்த ஏற்பாட்டின் செல்லப்பெயர் 'ரவுட்டர் ஆன் எ ஸ்டிக்'. ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பொட்டலம் ஒரே கேபிளில் ஏறி, அதிலேயே இறங்க வேண்டும். போக்குவரத்து கூடினால் திணறும். பெரிய அலுவலகங்களில் இந்த வேலையை, ரவுட்டர் வேலையும் செய்யும் லேயர்-3 ஸ்விட்ச்சிடம் விட்டுவிடுகிறார்கள்.

பலர் கோட்டைவிடுவது வேறோர் இடத்தில். விலான் பிரித்தாயிற்று, இனி பயமில்லை என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் மூன்று கிளைக்கும் முகவரி கொடுத்த மறுநொடியே, ஸ்விட்ச் பிரித்து வைத்ததை ரவுட்டர் சேர்த்துவைத்துவிடும். அதன் பிழைப்பே அதுதானே! சேலை பார்க்க வந்தவரின் செல்போனுக்கு, இப்போது ரவுட்டர் வழியாகவே கல்லாவுக்குப் பாதை திறந்திருக்கும்.

அடைக்க வேண்டுமானால், முப்பதாம் கிளையின் உள்வரும் பக்கத்தில் ஓர் அக்சஸ் லிஸ்ட் போட வேண்டும்: 10க்கும் 20க்கும் போகிறவற்றைத் தடு, மற்றவற்றை விடு. வரிசை முக்கியம். ரவுட்டர் மேலிருந்து கீழாகப் படிக்கும். பொருந்துகிற முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும். 'எல்லாவற்றையும் விடு' என்பதை முதலில் எழுதிவிட்டால், கீழே இருக்கும் தடைகளை அது எட்டிக்கூடப் பார்க்காது.