கருவி தோட்டத்தில்... நிரல் உங்கள் கையில்!

மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் திறந்துவிடும் சொட்டுநீர்க் கருவிகள் இப்போது சிறு தோட்டங்களுக்கும் வந்துவிட்டன. பூ பிடிக்கும் நேரத்தில் கருவி நின்றுபோனால், விற்றவர் வந்து பார்க்கும்வரை பயிர் காத்திருக்காது. ‘ஆர்டுயினோ’ போன்ற திறந்தநிலைப் பலகைகளில் இந்தக் கவலை குறைவு. 2005-ம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காக உருவான இதன் வரைபடமும் மென்பொருளும் எல்லோருக்கும் பொது. கம்ப்யூட்டரில் அதற்கான ஏற்பாட்டை மட்டும் ஒருமுறை சரியாகச் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு மாலைப் பொழுது போதும்.

முதலில் விளக்கு எரியட்டும்!

‘ஆர்டுயினோ ஐ.டி.இ’ மென்பொருள் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிறுவியதும் பலகையை யு.எஸ்.பி கேபிளில் இணைத்து, ‘டூல்ஸ்’ பகுதியில் பலகையின் பெயரையும் ‘போர்ட்’டையும் தேர்வு செய்ய வேண்டும். போர்ட் தெரியவில்லையா? சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் கேபிளாக இருக்கலாம், மாற்றிப் பாருங்கள். ‘சி.எச் 340’ சிப் உள்ள விலை குறைந்த பலகை என்றால், அதற்கான டிரைவரையும் நிறுவ வேண்டியிருக்கலாம். பிறகு, மென்பொருளோடு வரும் ‘பிளிங்க்’ என்ற மாதிரி நிரலை ஏற்றுங்கள். பலகையின் சிறு விளக்கு ஒரு விநாடி எரிந்து, ஒரு விநாடி அணைந்தால் ஏற்பாடு சரி.

உங்கள் மண்ணுக்கு உங்கள் எண்

‘ஊனோ’ பலகை, ஈரமானியின் அளவை 0 முதல் 1023 வரையிலான எண்ணாகக் காட்டும். களிமண்ணுக்கும் செம்மண்ணுக்கும் இந்த எண் மாறுபடும். எனவே, உங்கள் நிலத்து மண்ணையே காய்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் அளந்து, இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வால்வு திறக்கும் எண்ணுக்கும் மூடும் எண்ணுக்கும் இடைவெளி இருக்கட்டும். இல்லையேல் வால்வு ஓயாமல் திறந்து மூடும். உலோகம் வெளியே தெரியும் இரட்டைக் கால் ஈரமானிகள் மண்ணில் சீக்கிரம் அரித்துவிடும். ‘கெப்பாசிட்டிவ்’ வகையே நல்லது.

மோட்டாரில் கை வைக்காதீர்கள்!

இந்தப் பலகை 5 வோல்ட்டில் இயங்குவது. ரிலே மூலம் 12 வோல்ட் வால்வை இயக்கலாம். மும்முனை மோட்டாரை நேரடியாக இணைக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் வழியாகத்தான், அதுவும் அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

நிரலைக் கேட்டு வாங்குங்கள்!

பலகையில் ஏற்றிய நிரலை, எழுதிய வடிவத்தில் திரும்ப எடுக்க முடியாது. பொருத்தியவர் மூல நிரலைத் தராமல் போய்விட்டால், திறந்தநிலைக் கருவியும் மூடிய பெட்டிதான். ஆகவே, பணம் கொடுக்கும் முன் நிரலைப் பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். எந்தக் கம்பி எந்த முனையில் சேர்கிறது என்பதை நோட்டில் வரைந்து வையுங்கள். நாளை பலகை பழுதானால், அதே வகைப் புதுப் பலகை வாங்கி, நிரலை ஏற்றி, அன்றே தண்ணீர் பாய்ச்சிவிடலாம்.