கால் சுடும் கார்: பாயைப் போட்டு மறைக்காதீர்கள்

"காடியில காலு வைக்க முடியலங்க, தரை கொதிக்குது" என்று வீட்டுக்காரம்மா சொன்னால், "ஊரு வெயிலு அப்படி" என்று பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். வேறு சிலர் பழைய சாக்கையோ பாயையோ நாலாக மடித்துக் காலடியில் போட்டுவிடுவார்கள். அதோடு சூடு தெரியாது, காரியமும் மறந்துபோகும்.

அன்பர்களே, இது மறந்துவிடக்கூடிய காரியம் அல்ல. வெயிலில் நின்ற கார் மேலிருந்து சுடும். கூரை, டேஷ்போர்டு, ஸ்டியரிங், இருக்கை எல்லாம் கொதிக்கும். கதவைத் திறந்துவிட்டுச் சற்று தூரம் ஓட்டினால் தணிந்துவிடும். ஆனால் கீழேயிருந்து சுட்டால், அதுவும் ஓட ஓட அதிகமாகச் சுட்டால், அது வெயிலின் வேலை அல்ல. இஞ்சினின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் குழாயின் சூடு அது. அந்தச் சூடு உள்ளே வருவதற்கு ஏதோ ஒரு வழி ஏற்பட்டிருக்கிறது. அதே வழியில் புகையும் வரலாம். சூட்டைக் கால் சொல்லிவிடும். புகையில் உள்ள நஞ்சை மூக்குகூடச் சொல்லாது. அதனால்தான் இந்த வாரம் உடல்நலப் பகுதியில் கார் பற்றி எழுதுகிறோம்.

காலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

பெரும்பாலான கார்களில் இஞ்சின் முன்னால். புகை வெளியேறும் வாய் பின்னால். நடுவே நம் காலடியில்தான் குழாய் போகிறது. இஞ்சினை ஒட்டியிருக்கும் மேனிபோல்ட், அதற்கு அடுத்த குழாய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், கடைசியில் சைலன்சர். இந்தக் கன்வெர்ட்டர் வேலை செய்வதற்கே சில நூறு பாகை செல்சியஸ் சூடு வேண்டும். ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது அது இன்னும் கூடும்.

இவ்வளவு சூடு நம்மைத் தொடாமல் இருப்பதற்காக, குழாய்க்கும் தரைக்கும் இடையில் மெல்லிய தகடு ஒன்றை வைத்திருப்பார்கள். ஹீட் ஷீல்டு என்பது அதுதான். தரைக்கு மேலே சூடு தாங்கும் பஞ்சும் கார்பெட்டும் இருக்கும். தரையில் உள்ள துளைகளை ரப்பர் அடைப்பான்கள் மூடியிருக்கும். இவற்றில் ஒன்று போனாலும் சூடு மேலே வரும். தோட்டப் பாதையில் நடுமேடு இடித்துக் குழாய் நசுங்குவதும், தகட்டின் திருகாணி கழன்று விழுவதும், செம்மண் சேறு ஒட்டித் துருப்பிடிப்பதும் நமக்குப் புதிதா என்ன?

உடம்புக்கு என்ன கேடு?

முதல் கேடு சூட்டுக் காயம். 60 பாகை சூடான இரும்பில் சில விநாடி கால் பட்டாலே தோல் வெந்துவிடும். பிள்ளைகளின் தோல் மெல்லியது; இன்னும் சீக்கிரம் வேகும். சர்க்கரை வியாதிக்காரர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வசதியாக உட்கார்ந்து வருவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம் போட்டிருக்கும். அது புண்ணாகி ஆறாமல் போனால் காலுக்கே ஆபத்து.

இரண்டாவது கேடு புகை. பெட்ரோல் எரிந்து வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு கலந்திருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, தொண்டையில் கமறலும் இல்லை. நம் இரத்தத்தில் பிராண வாயுவைச் சுமந்து செல்லும் பொருளை இது போய்ப் பிடித்துக்கொள்ளும். பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். மூளைக்கும் இருதயத்துக்கும் போய்ச் சேர வேண்டியது சேராது.

முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், அசதி. பிறகு குழப்பம், மயக்கம். நாம் என்ன நினைப்போம்? "பிள்ளைக்குக் காடி ஒத்துக்கல, வாந்தி வருது" என்போம். கோடாலித் தைலத்தைத் தேய்த்துத் தூங்க வைப்போம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ, தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கோ இரவில் புறப்படும்போது பிள்ளைகள் பின்னால் தூங்கிக்கொண்டுதான் வருவார்கள். அது சாதாரணத் தூக்கமா, நச்சு மயக்கமா என்று யார் திரும்பிப் பார்க்கிறோம்? சிறு பிள்ளைகள், கர்ப்பிணிப் பெண்கள், இருதய நோயாளிகள், வயதானவர்கள் ஆகியோரை இந்த வாயு சீக்கிரம் தாக்கும். வயிற்றில் இருக்கும் குழந்தையையும் விடாது.

நிறுத்தி வைத்த காரிலும் இந்த ஆபத்து உண்டு. 2020 டிசம்பரில் பினாங்கில், இஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் தூங்கிய நான்கு இளம்பெண்களில் மூவர் இறந்துபோனார்கள். கார்பன் மோனாக்சைடு நச்சுதான் காரணம் என்று தெரிந்தது. ஏர்கோன் போட்டுக்கொண்டு காரில் தூங்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

ஐந்து கேள்விகள்

பட்டறைக்குப் போகும் முன் இந்த ஐந்துக்கும் பதில் தேடி வையுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

1. எங்கே சுடுகிறது? முன்னால் கால் வைக்கும் இடத்தில் என்றால் மேனிபோல்ட் பக்கம் பார்க்க வேண்டும். நடு மேட்டில், கியர் கம்பியைச் சுற்றி என்றால் குழாய் அல்லது கன்வெர்ட்டர். பின் இருக்கைக்கு அடியில் என்றால் சைலன்சர் பக்கம். முன் இருக்கைக்கு அடியிலேயே இஞ்சின் உள்ள வேன்களில், இஞ்சின் மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் கிழிந்திருந்தால் சூடும் புகையும் நேராக மேலே வரும்.

2. எப்போது சுடுகிறது? மேடு ஏறும்போதும் பாரம் ஏற்றும்போதும் மட்டுமா? நெரிசலில் நிற்கும்போதா? நின்றால் சூடு, ஓடினால் தணிவு என்றால், காற்றோட்டம் இல்லாமல் சூடு தங்குகிறது, தகடு போயிருக்கலாம். போன வாரம் வரை நன்றாயிருந்து இந்த வாரம் திடீரென்று சுட்டால், எதுவோ உடைந்திருக்கிறது அல்லது விழுந்திருக்கிறது.

3. என்ன சத்தம்? காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடேறியதும் குறைந்தால், மேனிபோல்ட் கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். அடியில் தகரம் ஆடுகிற மாதிரி கேட்டால் ஹீட் ஷீல்டு கழன்றிருக்கிறது. லோரி மாதிரி உறுமினால் குழாயில் ஓட்டை.

4. என்ன வாடை? துணி கருகும் வாடை என்றால் கார்பெட் வேகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்றால் கன்வெர்ட்டர் சரியில்லாமல் இருக்கலாம். வாடையே இல்லையென்றால் புகையும் இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

5. இஞ்சின் எப்படி ஓடுகிறது? உதறுகிறதா, இழுக்கவில்லையா, பெட்ரோல் அதிகம் குடிக்கிறதா? ஸ்பார்க் பிளக்கோ காயிலோ கெட்டுப்போனால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அப்போது அது செக்கச் செவேலென்று கனலும். இஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் இதற்கான எச்சரிக்கை. அதற்கு மேல் ஓட்டாதீர்கள். அடைத்துப்போன கன்வெர்ட்டரும் இப்படித்தான்: வண்டி மேடு ஏறாது, அடியில் மட்டும் அனல் பறக்கும்.

பெரட்டுக்கு முன் ஒரு சோதனை

சூடான குழாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள். இரவு முழுதும் ஆறிய பிறகு, விடியற்காலையில் டார்ச்லைட்டோடு குனிந்து பாருங்கள். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கவே கூடாது. ஜேக் சரிந்தால் பிழைக்க முடியாது. அடியில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றால் அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

குழாய் இணையும் இடங்களில் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. தகடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறதா, காய்ந்த லாலாங் புல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். புல் சிக்கினால் தீப்பிடிக்கும். அதே காரணத்துக்காகக் காய்ந்த புல்மேல் காரை நிறுத்தவும் கூடாது.

பிறகு உள்ளே கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். கருகிய இடம், துரு ஓட்டை, ரப்பர் அடைப்பான் விழுந்த துளை எல்லாம் அங்கே தெரிந்துவிடும். கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்திருந்தாலும் அது புகைக்கு வாசல்தான்.

இன்னொரு சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். திறந்த வெளியில், ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடனே, ஒருவர் தடித்த ஈரத்துணியை மடித்துப் புகை வாயை இரண்டு மூன்று விநாடி லேசாகப் பொத்த வேண்டும். மற்றவர் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். நடுவில் எங்காவது "புஸ்" என்று சத்தம் வந்தால் கசிவு அங்கேதான். மூடிய கொட்டகைக்குள் இதைச் செய்யாதீர்கள்.

பட்டறையில் ஏமாறாதீர்கள்

கழன்ற தகட்டைக் கட்டுவது, கேஸ்கெட் மாற்றுவது, ஓட்டையை வெல்டிங் செய்வது எல்லாம் பெரிய செலவு வைக்கும் வேலைகள் அல்ல. கன்வெர்ட்டர் மாற்றுவதுதான் செலவு. அதனால் "அதை வெட்டி எடுத்துட்டு வெறும் பைப் போட்டுடலாம் அண்ணே" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடைக் குறைப்பதே அந்தக் கன்வெர்ட்டரின் வேலை. அதை எடுத்தால் புகையில் நஞ்சு கூடும். புதுக் கன்வெர்ட்டர் போடுவதற்கு முன், பழையது ஏன் கெட்டது என்று கேளுங்கள். இஞ்சின் கோளாறைத் தீர்க்காவிட்டால் புதியதும் வெந்துபோகும்.

காலடியில் சாக்கு, பிளாஸ்டிக், பஞ்சு மெத்தை போடுவது மருந்தாகாது. அடியில் சேரும் சூட்டில் அதுவே பற்றிக்கொள்ளலாம். லைட்டர், ஸ்பிரே டப்பா, புல் மருந்து எதையும் சுடும் தரையில் வைக்காதீர்கள்.

சரிசெய்யும் வரை அந்தக் காரில் குடும்பத்தை ஏற்ற வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுபோக வேறு வழியில்லை என்றால், ஓட்டுகிறவர் மட்டும், எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, பக்கத்துப் பட்டறைக்கு மட்டும் போகலாம். புகை கசிவது உறுதி என்றால் அதுவும் வேண்டாம். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வேனின் பின் கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் காற்று வரும் என்பது தப்பு. ஓடும் வேகத்தில் பின்பக்கப் புகையை வண்டியே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மயக்கம் வந்தால்

காரில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, கீழே இறங்கிக் காற்று பட்டதும் குறைகிறது என்றால், புகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உடனே நிறுத்துங்கள். இஞ்சினை அணைத்து, கதவுகளைத் திறந்து, எல்லாரையும் இறக்குங்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பிப் பாருங்கள். எழுந்திருக்காவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-க்கு அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால், தெரிந்தவர் உடனே முதலுதவி தொடங்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் "காடிப் புகை உள்ளே வந்திருக்கு" என்று வாய் திறந்து சொல்லுங்கள். இது மிகவும் முக்கியம். விரலில் மாட்டும் சாதாரணக் கருவி இந்த நஞ்சையும் பிராண வாயு என்றே எண்ணி, நல்ல கணக்குக் காட்டிவிடும். இரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். சிகிச்சை சுத்தமான பிராண வாயு. கர்ப்பிணிப் பெண்கள் "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டுக்குத் திரும்பாமல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

தோட்டத்து வண்டி என்றால்?

வேலைக்காட்டுக்கு ஏற்றிச் செல்லும் நிர்வாக வேனில் இப்படிச் சூடோ புகையோ இருந்தால், தனியாக முணுமுணுத்துக்கொண்டு இருக்காதீர்கள். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உண்டு. எந்த வண்டி, எந்த இடத்தில் சுடுகிறது, எத்தனை பேருக்குத் தலைவலி வந்தது என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். தோட்டக் கமிட்டித் தலைவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். பாதுகாப்புப் பற்றி முறையிட்டதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

நாளைக்கு விடியற்காலையில் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். பாயை எடுத்துப் போட்டுவிட்டு, கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். அந்த இருக்கையில் தூங்கி வருவது உங்கள் பிள்ளைகள்.